தம்பிக்காக ஜெபிச்ச வருஷங்கள்ல யாரும் எனக்கு சொல்லாத விஷயங்கள்

சபையில சாட்சி நேரத்துல ஒருத்தர் எழுந்து "பல வருஷம் ஜெபிச்சேன், கர்த்தர் அற்புதம் செஞ்சார்"னு சொல்லுவாங்க, எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுவோம், அடுத்த பாட்டுக்கு போயிடுவோம். அந்த "பல வருஷம்" எப்படி போச்சுன்னு யாரும் சொல்றதில்ல. காசு எவ்வளவு போச்சு, யார் யார் என்ன சொல்லி குத்தினாங்க, ஜெபிக்கவே பிடிக்காத நாள்ல என்ன பண்ணாங்க, ஒண்ணுமே தெரியாது. நான் அந்த நடுக்காலத்துலதான் ரொம்ப நாள் இருந்தேன், அதுவும் கிட்டத்தட்ட தனியா. என் தம்பிக்கு குடிப்பழக்கம். யாராவது முன்னாடியே இதையெல்லாம் சொல்லியிருந்தா கொஞ்சம் காசும் நிறைய கண்ணீரும் மிஞ்சியிருக்கும்னு தோணுது, அதான் எழுதுறேன்.

ஆரம்பத்துல சீக்கிரம் சரியாயிடும்னுதான் நினைச்சோம். அம்மா விடியக்காலைல எழுந்து முழங்கால்ல நிப்பாங்க, நானும் கூட நிப்பேன், வெள்ளிக்கிழமை உபவாசம், மாசத்துல ஒரு முழு இரவு ஜெபம். தம்பியும் நடுநடுவுல அழுவான், "அக்கா இனிமே தொட மாட்டேன்"னு பைபிள் மேல கை வெச்சு சொல்லுவான், கொஞ்ச நாள் நல்லா இருப்பான், அப்புறம் திரும்ப விழுவான். விழுந்தது கூட பெரிசில்ல, ஒவ்வொரு தடவையும் "இந்த தடவ ஜெபம் கேட்கப்பட்டுடுச்சு"ன்னு நாங்க நம்பி சபைல சொல்லி வெச்சிருப்போம் பாருங்க, அதுதான் தாங்க முடியாது. அப்போ எல்லாரும் எனக்கு எடுத்து காட்டினது லூக்கா 18ல வர்ற விதவை கதை. அநீதியுள்ள நியாயாதிபதிகிட்ட போய் போய் தொந்தரவு பண்ணி நியாயம் வாங்கினா இல்ல, அந்த மாதிரி நீயும் விடாத, கதவை தட்டிகிட்டே இருன்னு. கேட்க நல்லாதான் இருக்கும். ஆனா அதை அப்படியே மனசுல வாங்கிகிட்டா என்ன ஆகும்னா, கடவுள் கொடுக்க மனசில்லாம உட்காந்திருக்கார், நான் போதுமான அளவு அழல, போதுமான அளவு பட்டினி கிடக்கல, அதான் அவர் அசையலன்னு ஒரு கணக்கு உள்ள ஓட ஆரம்பிச்சிடும். ஆபீஸ்ல ஃபைல் நகரலன்னா மனு மேல மனு போடுவோமே, ஜெபம் அப்படி ஆயிடும்.

அந்த பகுதியை நிதானமா உட்காந்து வாசிச்சப்போதான் எனக்கு வேற மாதிரி புரிஞ்சுது. இயேசு அந்த நியாயாதிபதியை கடவுளுக்கு ஒப்பா சொல்லல, நேர் எதிரா வெச்சு சொல்றார். தேவனுக்கும் பயப்படாத, மனுஷனையும் மதிக்காத அப்படிப்பட்ட ஆளே கடைசில நியாயம் செஞ்சான்னா, உங்களை நேசிக்கிறவர் செய்யாம இருப்பாரான்னு கேக்குறார். அந்த உவமை எதுக்குன்னு முதல் வசனத்துலயே இருக்கு, "சோர்ந்துபோகாமல்" ஜெபிக்கணும்ங்கிறதுக்காக. அதாவது அவரை சோர்வாக்குறதுக்கு இல்ல, நாம சோர்ந்து போகாம இருக்கறதுக்கு. அது மட்டுமில்லாம அந்த விதவை வீட்டுல உட்காந்துகிட்டு நியாயம் தானா வரும்னு காத்திருக்கல, எழுந்து நியாயாதிபதி இருக்கற இடத்துக்கே நடந்து போனா. ஜெபிக்கிறவங்க நடக்கவும் செய்யணும்ங்கிறது எனக்கு பின்னாடி ரொம்ப உதவுச்சு, அதை கீழ சொல்றேன்.

காசு விஷயத்தை மொதல்ல சொல்லிடறேன். எங்க நிலைமை கேள்விப்பட்டு ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு வந்தார், பேர் வேண்டாம். ஜெபிச்சார், கண்ணீர் விட்டார், தீர்க்கதரிசனம் மாதிரி ஏதோ சொன்னார். போகும்போது, இந்த கட்டு அவிழணும்னா ஒரு விசுவாச விதை, அதாவது காணிக்கை, போடணும், உங்களுக்கு வலிக்கிற அளவுக்கு இருக்கணும்னார். அம்மா கைல இருந்த வளையல் போச்சு, நான் சேர்த்து வெச்சதுல பாதிக்கு மேல போச்சு. ஒரு மாற்றமும் இல்ல. திரும்ப கேட்டப்போ, முழு மனசோட கொடுக்கல போல, இன்னொரு விதை வேணும்னு பதில் வந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் முழுசா போகல, அதை மறைக்க விரும்பல. சபைக்கு காணிக்கை கொடுக்கிறது வேற, ஜெபத்துக்கு கட்டணம் கட்டுறது வேற. சீரியா படைத்தலைவன் நாகமான் குஷ்டம் குணமாகி வந்து வெகுமதி நீட்டினப்போ தீர்க்கதரிசி எலிசா ஒண்ணும் வாங்கல, வாங்க பின்னாடி ஓடினது வேலைக்காரன் கேயாசி, அவனுக்கு என்ன ஆச்சுன்னு 2 இராஜாக்கள் 5ல இருக்கு. அப்போஸ்தலர் 8ல தேவனோட வரத்தை பணத்தால வாங்கலாம்னு நினைச்ச சீமோனை பேதுரு எப்படி திட்டினார்னும் வாசிச்சு பாருங்க. நான் இப்போ மத்தவங்களுக்கு சொல்றது ஒண்ணுதான்: யாராவது ஜெபிக்க வந்தா "இப்போதைக்கு என்னால ஒண்ணும் கொடுக்க முடியாது, ஆனா தொடர்ந்து ஜெபிப்பீங்களா"ன்னு கேளுங்க. அடுத்த வாரமும் ஃபோன் பண்ணி விசாரிக்கிறவங்களை பிடிச்சுக்கோங்க.

காசை விட பயங்கரமானது இன்னொண்ணு நடந்துச்சு. தயவு செஞ்சு இந்த பத்தியை மட்டுமாவது குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டுல எல்லாரும் வாசிக்கணும். தம்பிய ஒரு ஜெப வீட்டுக்கு கூட்டிட்டு போனாங்க, அங்க தங்க வெச்சு உபவாசத்தோட விடுதலை ஜெபம் பண்ணுவாங்களாம், மருந்து மாத்திரை கிடையாது. பல வருஷமா தினமும் குடிச்ச உடம்பு, திடீர்னு ஒரே நாள்ல நிறுத்தியாச்சு, சாப்பாடும் இல்ல. அடுத்த நாளே கை கால் நடுக்கம், வேர்வை, தூக்கமே இல்ல. அப்புறம் சுவத்துல பூச்சி ஓடுதுன்னு கத்த ஆரம்பிச்சான். பிசாசு வெளிய வருது, இன்னும் சத்தமா ஜெபிங்கன்னாங்க. கொஞ்ச நேரத்துல வலிப்பு வந்துடுச்சு. நான் அவங்க தடுத்தும் கேட்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனேன். டாக்டர் சொன்னது இதுதான்: ரொம்ப நாள் அதிகமா குடிச்சவங்க சட்டுனு நிறுத்தினா மூளை தாறுமாறா தூண்டப்படும், பொதுவா கடைசியா குடிச்சு ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல குழப்பமும் இல்லாதது கண்ணுக்கு தெரியறதும் வரலாம், கவனிக்காம விட்டா உயிரே போகும். அதுக்கு மருந்து இருக்கு, பி1 வைட்டமின் கொடுக்கணும், கூடவே இருந்து பார்த்துக்கணும். நாங்க பிசாசுன்னு நினைச்சுகிட்டு இருந்தது அவன் உடம்பு தவிச்ச தவிப்பு. டாக்டர்கிட்ட போனா விசுவாசக்குறைவுன்னு இன்னைக்கும் சொல்றவங்க இருக்காங்க. பவுல் கூடவே இருந்த லூக்காவை "பிரியமான வைத்தியன்"னுதான் கொலோசெயர்ல எழுதியிருக்கு. வைத்தியன் பிணியாளிகளுக்குத்தான் வேணும்னு இயேசுவே சொல்லியிருக்கார். ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் பண்ண ஜெபம்தான் என் வாழ்க்கைலயே உண்மையான ஜெபம்னு நினைக்கிறேன், அதுல வார்த்தையே கிடையாது, "ஆண்டவரே ஆண்டவரே"ன்னு மட்டும்.

வலிப்பு வந்த விஷயம் வெளிய தெரிஞ்சதும் பேச்சு ஆரம்பிச்சுது. வீட்டுல ஏதோ மறைவான பாவம் இருக்கு, முன்னோர் சாபம், அக்காக்காரிக்கு விசுவாசம் போதல, ஆளாளுக்கு ஒண்ணு. யோவான் 9ல பிறவிக்குருடனை பார்த்து சீஷர்கள் கேட்ட கேள்வியும் இதேதான், இவன் பாவமா இவனைப் பெத்தவங்க பாவமான்னு. ரெண்டும் இல்லன்னு இயேசு சொல்லிட்டார். ஆனா மனுஷங்க இன்னும் அதே கேள்வியதான் கேட்டுகிட்டு இருக்காங்க. அன்னாள் கதைய பாருங்க, குழந்தை இல்லாம மனசு கசந்து உதடு மட்டும் அசைய ஜெபிச்சுகிட்டு இருக்கா, ஆலயத்துல இருந்த ஆசாரியன் ஏலியே அவ குடிச்சிருக்கான்னு நினைச்சுட்டார். ஜெபத்துலயே காலத்தை கழிச்ச மனுஷனுக்கே ஜெபிக்கிறவளை அடையாளம் தெரியல, அப்புறம் பக்கத்து பெஞ்சுல இருக்கறவங்களை சொல்லி என்ன பண்ண. இந்த மாதிரி பேசுறவங்ககிட்ட விளக்கம் கொடுத்துகிட்டு இருக்காதீங்க, "நீங்களும் ஜெபிச்சுக்கோங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நகர்ந்துடுங்க. விளக்கம் சொல்ல சொல்ல அவங்களுக்கு கதை கிடைக்கும், உங்களுக்கு தூக்கம் போகும்.

இனிமே வெளிய சொல்ல கூச்சமா இருக்கற பகுதி. ஒரு காலகட்டத்துல எனக்கு ஜெபமே வரல. முழங்கால் போட்டா கோவம்தான் வரும். சபைல வேற யாராவது எழுந்து என் மகன் குடிய விட்டுட்டான்னு சாட்சி சொன்னா, வாய் ஸ்தோத்திரம் சொல்லும், உள்ள வயிறு எரியும், அவங்களுக்கு மட்டும் எப்படின்னு. ஒரு ராத்திரி அவன் வீட்டுல பாத்திரத்தை எல்லாம் தூக்கி போட்டு உடைச்சு, அவன் பொண்டாட்டியும் குழந்தையும் எங்க வீட்டுக்கு ஓடி வந்தப்போ, இவன் செத்தாதான் எல்லாரும் நிம்மதியா இருப்போம்னு நினைச்சுட்டேன். நினைச்சது மட்டும் இல்ல, அதையே கடவுள்கிட்ட சொன்னேன். சொன்னதுக்கப்புறம் ரொம்ப பயந்துட்டேன், இனிமே எந்த முகத்தோட ஜெபிக்கிறதுன்னு. அப்போ எனக்கு கை கொடுத்தது சங்கீதம் 13. மொத்தமே ஆறு வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்கும், முதல் ரெண்டு வசனத்துலயே எதுவரைக்கும் எதுவரைக்கும்னு திரும்ப திரும்ப கேட்டுகிட்டே இருக்கார் தாவீது. 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம், நல்ல வார்த்தையே இல்லாம இருட்டுல முடியுது. இப்படிப்பட்ட புலம்பலை எல்லாம் வேதத்துக்குள்ள வெச்சிருக்காருன்னா, நம்ம புலம்பலையும் அவரால கேட்க முடியும்னுதானே அர்த்தம். சொந்த வார்த்தை வராத நாள்ல நான் அந்த சங்கீதத்தை சத்தமா வாசிச்சுட்டு எழுந்துடுவேன், அவ்வளவுதான் ஜெபம். மாற்கு 9ல ஒரு அப்பா "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கத்துறார், ரெண்டும் ஒரே மூச்சுல. அவர் பையன் அன்னைக்கே குணமானான். அந்த அப்பாவை யாரும் முதல்ல போய் விசுவாசத்தை சரி பண்ணிட்டு வான்னு திருப்பி அனுப்பல.

ஜெபத்தை சின்னதாக்கினதும் பெரிய உதவியா இருந்துச்சு. அதுவரைக்கும் "தம்பிய முழுசா விடுதலையாக்கும்"னு ஒரே பெரிய விண்ணப்பம், தினமும் அது நடக்கல, தினமும் தோல்வி. அப்புறம் ஒரு நோட்டு போட்டு அந்தந்த நாளுக்கு வேண்டியத எழுத ஆரம்பிச்சேன். இன்னைக்கு ராத்திரி அவன் வண்டி ஓட்டாம வீடு வந்து சேரணும். நாளைக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரணும். குழந்தை பயப்படாம தூங்கணும். நான் அவன்கிட்ட எரிஞ்சு விழாம பேசணும். இதுல நிறைய நடந்துச்சு, சிலது நடக்கல. நடந்தத திரும்பி பார்க்கும்போது, இவ்வளவு நாள் பதிலே இல்லாம இருந்த மாதிரி தெரிஞ்சது அப்படி இல்லன்னு புரிஞ்சுது. பெரிய விண்ணப்பத்தை விடல, அது நோட்டோட முதல் பக்கத்துல இருக்கு, ஆனா தினமும் அதையே முறைச்சுகிட்டு உட்காரல.

கடன் பத்தியும் சொல்லணும். அவன் வாங்கின கடனை எல்லாம் நாங்கதான் அடைச்சுகிட்டு இருந்தோம், வீட்டு வாசல்ல வந்து ஆள் நின்னா மானம் போகுமேன்னு. என் சம்பளத்துல பெரும்பகுதி வருஷக்கணக்கா அங்கதான் போச்சு. சொத்தை பிரிச்சு வாங்கிட்டு போய் அழிச்ச இளைய குமாரன் உவமைல அப்பா மகனுக்காக காத்திருந்தார், தூரத்துல வரும்போதே பார்த்து ஓடினார், எல்லாம் தெரியும். ஆனா அவன் பஞ்சத்துல பன்னி மேய்ச்சுகிட்டு இருந்தப்போ அப்பா பின்னாடியே காசு அனுப்பினதா எங்கயும் இல்ல. "ஒருவனும் அதை அவனுக்குக் கொடுக்கவில்லை"ன்னு இருக்கு, அதுக்கு அடுத்த வசனத்துலதான் அவனுக்கு புத்தி தெளியுது. அதை வாசிச்சுட்டு அவன் தெளிவா இருந்த ஒரு காலைல அவன்கிட்ட நேர்ல சொன்னேன், "உனக்காக ஜெபிக்கிறதை நிறுத்த மாட்டேன்டா, ஆஸ்பத்திரிக்கு எப்போ வேணா கூட வர்றேன், உன் புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் நேரா நானே கட்டுறேன், ஆனா உன் கைல காசும் கிடையாது, உன் கடனும் அடைக்க மாட்டேன்"னு. அவன் ரொம்ப நாள் பேசல. அம்மா என்கிட்ட சண்டை போட்டாங்க, கல்நெஞ்சக்காரின்னாங்க. ஆனா அதுக்கப்புறம்தான் அவனா ஒரு நாள் கேட்டான், அந்த டாக்டர் இன்னும் அங்கதான் இருக்காரான்னு.

தனியா இதை இழுக்காதீங்கன்னு சொல்லணும். முப்பது பேர் இருக்கற ஜெபக்குழுவுல போட்டா நியூஸ் ஆகுதே தவிர பாரம் குறையல. எனக்கு உதவினது ஒரே ஒரு அக்கா, வயசானவங்க, வாரத்துக்கு ஒரு நாள் ஃபோன்ல அஞ்சு நிமிஷம் ஜெபிப்பாங்க, அறிவுரை சொல்ல மாட்டாங்க. அதே மாதிரி குடிக்கிறவங்களோட குடும்பத்துக்குன்னே அல்-அனான்னு கூட்டங்கள் இருக்கு, 1951ல இருந்து நடக்குது, குடிக்கிறவங்களுக்கான ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) 1935லயே ஆரம்பிச்சது. நான் அங்க போனப்போ, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடியே என் கதை அங்க இருந்தவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு. அந்த விதவை மாதிரி எழுந்து நடக்கணும்னு மேல சொன்னேனே, டாக்டர், கவுன்சிலிங், இந்த கூட்டம் எல்லாம் அந்த நடைதான்.

விடாம ஜெபிச்சா கண்டிப்பா கேட்டது கிடைக்கும்னு நான் எழுத மாட்டேன். பவுல் தன்னை வாட்டின ஒரு வேதனைய உடம்புல இருக்கற முள்ளுன்னு சொல்றார், மூணு தரம் வேண்டியும் அது எடுபடல, "என் கிருபை உனக்குப்போதும்"ங்கிறதுதான் பதில். கானானுக்குள்ள போகணும்னு மோசே கெஞ்சினப்போ, இனி இதைப் பத்தி என்கிட்ட பேச வேண்டாம்னே கர்த்தர் சொல்லிட்டார், மலை மேல இருந்து பார்க்க மட்டும்தான் விட்டார். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்துல பேதுருவை தூதன் சிறைலேர்ந்து வெளிய கூட்டிட்டு வர்றத மட்டும் பிரசங்கம் பண்ணுவாங்க, அதே அதிகாரம் ரெண்டாம் வசனத்துல யோவானோட சகோதரன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால கொன்னுட்டான். யாக்கோபு வீட்டுலயும் யாராவது முழங்கால்ல நின்னிருப்பாங்க இல்லையா? இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பதில் இருக்கற மாதிரி பேசுறவங்ககிட்ட இருந்து கொஞ்சம் தள்ளியே இருக்கேன்.

ஆதி சபையோட பெரிய போதகர்கள்ல ஒருத்தரான அகுஸ்தீனோட அம்மா மோனிக்காவைத்தான் நான் அடிக்கடி நினைச்சுப்பேன். மகனுக்காக வருஷக்கணக்கா அழுதவங்க. சின்ன வயசுல அவங்களுக்கே திராட்சரசம் திருட்டுத்தனமா குடிக்கிற பழக்கம் இருந்துச்சு, வேலைக்காரப்பொண்ணு ஒருத்தி குடிகாரின்னு திட்டினப்போதான் விட்டாங்கன்னு மகனே எழுதி வெச்சிருக்கார், இதை எந்த பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல. 383ல மகன் ரோமுக்கு போக கூடாதுன்னு அவங்க ராத்திரி பூரா ஜெபிச்சாங்க, அவர் பொய் சொல்லிட்டு அதே ராத்திரி கப்பல் ஏறிட்டார். அன்னைக்கு காலைல அந்த அம்மாவுக்கு தன் ஜெபம் சுக்குநூறா உடைஞ்ச மாதிரிதான் இருந்திருக்கும். ஆனா அந்த இத்தாலி பயணத்துலதான் மிலான்ல பிஷப் அம்புரோஸோட பிரசங்கத்தை அவர் கேட்டார், 387 ஈஸ்டர்ல ஞானஸ்நானம் எடுத்தார். அதே வருஷம் மோனிக்கா இறந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி கேட்டது கிடைக்கல, அத்தனை வருஷமா கேட்டது அந்த கப்பல் வழியா வந்துச்சு.

தம்பி இப்போ குடிக்கிறதில்ல, மருந்து எடுக்கிறான், கூட்டத்துக்கு போறான். கொஞ்ச மாசம் ஆனதும் சபைல சாட்சி சொல்லுங்கன்னு கேட்டாங்க, எனக்கும் ஆசைதான், இவ்வளவு நாள் குத்தினவங்க முன்னாடி நின்னு சொல்லணும்னு. அவன்கிட்ட கேட்டேன். "வேண்டாம்க்கா, நான் திரும்ப விழுந்தா அவங்க முகத்தை என்னால பார்க்க முடியாது"ன்னான். சரின்னு விட்டுட்டேன். நடுவுல ஒரு தடவை விழுந்தான், மறைக்கல, மறுநாளே அவனே ஃபோன் பண்ணி சொன்னான், டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன், மேடைல ஏத்தியிருந்தா அந்த ஃபோன் வந்திருக்காது. உங்க வீட்டுலயும் நல்லது நடந்தா முதல்ல அந்த ஆள்கிட்ட அனுமதி கேளுங்க. சாட்சி சொல்றது அவங்க உரிமை, எப்போ சொல்லணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.